ஏற்றிவிட்ட குரல்

அவனுக்கு ஒண்டி என்று பெயர் வைத்தது டிரம் வாசிக்கிற பீரங்கி. கிடார், கைத்தாளம், வாயால் போடுகிற ஜதி, பின்பாட்டு எல்லாவற்றையும் மேடையில் ஒரே ஆளாக நின்று செய்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவன் காலடியில் லூப் பெடல் என்று ஓர் இரும்புப் பெட்டி கிடக்கும். ஒரு மிதி மிதித்தால் மைக்கில் விழுவதையெல்லாம் பதிந்துகொள்ளும். இன்னொரு மிதியில் பதிந்ததைச் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வாசிக்கும். சட்சட்டென்று இரண்டு மிதி விழுந்தால் நின்றுவிடும். கோபித்துக்கொள்ளாது, தாமதமாக வராது, பாராட்டை எதிர்பார்க்காது. மனிதர்களோடு ஒத்துப்போகாதவர்களுக்கென்றே யாரோ செய்து வைத்த பக்கவாத்தியம் என்பான் பீரங்கி.

மனிதர்களோடு முயன்று பார்க்காமலும் இல்லை. ஒரு ராப் பாடகனோடு சேர்ந்தான். அவன் தன் பகுதியைப் பாடிவிட்டு, சூட்டோடு சூடாக ஒண்டியின் பகுதியையும் பாடிவிட்டு இறங்கிப் போனான். ஒரு புல்லாங்குழல்காரர் கிடாரின் சுருதி சரியில்லை என்று ஆரம்பித்து ஒண்டியின் வளர்ப்பு சரியில்லை என்பதில் வந்து முடித்தார். ஒரு கவிஞர், பாட்டு வெளியான பிறகும் வரிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். இத்தனை பேரும் தீர்ந்த பிறகுதான் ஒண்டிக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. அது அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயமில்லை.

அக்கா ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் பாடியவள். கழுத்தில் ஓர் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு குரல் மேலே ஏறப் போனால் பாதி வழியில் உடைந்துவிடும். பாட்டை விட்டுவிட்டு ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசைக்குப் போய்விட்டாள். "அப்ப நான் வாயத் திறந்தேன், இப்ப மத்தவங்க திறக்குறாங்க. பெரிய வித்தியாசம் ஒண்ணுமில்ல" என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் கொஞ்சம் சீக்கிரமாக நிறுத்திவிடுவாள். 

ஒண்டியின் அறையில், எதிரொலி வராமலிருக்கச் சுவரில் சாத்திய மெத்தைக்கு முன்னால் நின்று, இருவருக்கும் பகுதி இருக்கிற அவனுடைய புதுப் பாட்டை அவள் பதிவுக்காகப் பாடினாள். கடைசி வரி உச்சிக்குப் போகிற வரி. போன இடத்தில் குரல் உடைந்தது.

"இன்னொரு தடவ பாடட்டுமாடா?"

"வேணாங்க்கா. அட்டகாசமா வந்திருக்கு."

அக்கா படியிறங்கிய சத்தம் ஓய்வதற்குள் ஒண்டி கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிட்டான். பூனைக்குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்குகிற மாதிரி, உடைந்த குரலை மவுஸால் பிடித்து மேலே தூக்கி வைத்தான். ஒட்டு தெரியவில்லை. வேலை சுத்தம்.

பாட்டு நன்றாகவே ஓடியது. அக்கா போனில் அழுதாள். "டேய், திரும்பி வந்திருச்சுடா! அந்த இடம் எனக்குத் திரும்பி வந்திருச்சு!"

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஒண்டி சொன்னது, "நான்தான் அப்பவே சொன்னேன்ல."

அக்கா அந்தக் கடைசி வரியைத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்தாள். கிளினிக்கில் போன் அடிக்கும்போதெல்லாம் வாய் பிளந்து கிடக்கிற நோயாளிகளிடம், "அது நான்தான்" என்று எட்டிப் பார்த்துச் சொல்வாள். அவர்களால் மறுத்துப் பேச முடியாது. மேடையில் சேர்ந்து பாடலாமா என்று ஒண்டி இழுத்து இழுத்துக் கேட்டபோது, அவன் வாக்கியத்தை முடிக்கும் முன்பே சரி என்றுவிட்டாள்.

ஒத்திகைகளில் அந்த இடம் வரவில்லை. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது என்றாள். "ரெக்கார்டிங்ல வந்தது மேடைல வராமலா போயிரும்?" என்று அவனையே தைரியப்படுத்தினாள். ஒண்டி தலையாட்டினான். அந்த வரியில் பீரங்கியை ஓங்கி அடிக்கச் சொல்லி மூடிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு திட்டம் இருந்தது. ஆனால் ஏன் மூட வேண்டும் என்று பீரங்கி கேட்பானே? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் நிகழ்ச்சியே வந்துவிட்டது.

நிகழ்ச்சிக்கென்று ஒண்டி புதுசாக ஷூ வாங்கியிருந்தான். இருட்டிலும் தெரிகிற வெள்ளை. அடிப்பாகம் செங்கல் தடிமன். வழக்கமாக வெறும் சாக்ஸோடு நின்று வாசிப்பவன். ஆனால் முன்வரிசையில் பல் டாக்டர் உட்பட மொத்தக் கிளினிக்கும் வந்து உட்காரப் போகிறது. அக்காவின் தம்பி ஓட்டை சாக்ஸோடு நிற்கலாமா?

கடைசிப் பாட்டு. நடுவில் பீரங்கியின் தனி வாசிப்பு. அதற்காக ஒண்டி பெட்டியைச் சட்சட்டென்று மிதித்து நிறுத்தினான். அப்படியே நிற்கும் என்று நினைத்தான். செங்கல் அடியில் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், தனி முடிகிற சமயத்தில் மூன்றாவது மிதி ஒன்றும் விழுந்தது. நின்ற பெட்டி மறுபடி பதிய ஆரம்பித்தது.

பீரங்கி தனியை முடித்ததும் அரங்கமே கைதட்டியது. அக்கா ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தாள். இதுதான் சமயமென்று ஒண்டி பக்கவாட்டில் சாய்ந்து பீரங்கியிடம் சொன்னான்:

"கடைசி வரில ஓங்கி அடிச்சு மூடிடு. அக்காவுக்கு எட்டாது. ரெக்கார்டிங்ல நான்தான் ஏத்திவிட்டேன்."

கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. பெட்டிக்குக் கேட்டது.

அக்கா திரும்பி வந்து மைக்கைப் பிடித்தாள். அரங்கம் அடங்கியது. ஒண்டி கைத்தாளத்தைப் பதிவதற்காகப் பெட்டியை மிதித்தான். ஸ்பீக்கரிலிருந்து அவன் குரல், பெரிதாக, துல்லியமாக, கிசுகிசுவென்று வந்தது.

அக்காவுக்கு எட்டாது. ரெக்கார்டிங்ல நான்தான் ஏத்திவிட்டேன்.

ஒண்டி பாய்ந்து மிதித்தான். ஒரு மிதிதான் விழுந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒற்றை மிதி விழுந்தால் இந்தப் பெட்டி நிற்காது; இருப்பதன் மேலேயே அடுத்ததையும் பதியும். அவன் "ஐயோ" என்றான். அடுத்த சுற்றில் ஐயோவும் சேர்ந்துகொண்டது. அதுவும் எப்படி? கச்சிதமாகத் தாளத்தில்.

எட்டாது. ஏத்திவிட்டேன். ஐயோ. எட்டாது. ஏத்திவிட்டேன். ஐயோ.

தாளம் கேட்டுவிட்டால் டிரம்மரின் கை சும்மா இருக்காது. பீரங்கி அடிக்க ஆரம்பித்தான். அரங்கம் சிரித்தது; பிறகு கூடவே தட்டியது; பிறகு ஐயோ என்று கோரஸாகப் பாடியது. ஒண்டி கையில் கிடாரோடு, வெள்ளை ஷூவோடு, துணிக்கடை பொம்மை மாதிரி நின்றான்.

அக்கா அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நாக்கு பட்டு அசைகிற பல்லை, ஆடுகிறதா இல்லையா என்று மெல்லத் தொட்டுப் பார்க்கிறவர்களின் முகம் அது. அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"என் தம்பியால ஒரு ரகசியத்த காப்பாத்த முடியாதுங்க. பாருங்க, தாளத்தோட சொல்றான்" என்றாள். அரங்கம் அதிர்ந்தது. கடைசி வரி வந்தபோது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டாள். அவர்கள் பாடினார்கள். எட்டியவர்களும் எட்டாதவர்களுமாகச் சேர்ந்து பாடினார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அமைப்பாளர் ஓடி வந்தார். "என்ன ஐடியாங்க அது! யோசிச்சது யாரு?"

ஒண்டி வாயைத் திறந்தான். அக்கா முந்திக்கொண்டாள். "ரெண்டு பேரும்தான் சார். ஒரு மாசமா ஒத்திகை."

பல் டாக்டரும் வந்தார். "இவ்ளோ நகைச்சுவை உணர்வு இருக்குன்னு தெரியாதும்மா" என்றார். அக்கா தோட்டைக் கழற்றியபடி சிரித்தாள். காரில் போகும்போது மழை வருமா, பெட்ரோல் போட வேண்டுமா, டாக்டரின் மனைவி கட்டியிருந்தது பட்டா இல்லையா என்று வீடு வரை பேசிக்கொண்டே வந்தாள். திட்டு விழும் திட்டு விழும் என்று ஒண்டி குனிந்த தலையோடு காத்திருந்தான். விழவே இல்லை. இறங்கும்போது, "ஷூ நல்லாருக்கு" என்றாள்.

அந்த வாரமே அமைப்பாளர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி ஒன்று. இதைவிடப் பெரிய அரங்கம். "அந்த எட்டாது நாடகம் கண்டிப்பா வேணும். அதுக்குத்தான் கேக்குறாங்க."

ஒண்டி கிளினிக்குக்குப் போனான். வரவேற்பறையில் கன்னம் வீங்கிய ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அக்கா யாருக்கோ நேரம் குறித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. ட்ரிங் ட்ரிங். எல்லோருடைய போனும் அடிக்கிற அதே ட்ரிங் ட்ரிங். அந்தக் கடைசி வரி போயிருந்தது.

"அக்கா…"

"பல்லு வலியா?"

"இல்லக்கா."

"அப்ப வரிசைல நீ ரெண்டாவது. முதல்ல அவரு." கன்னக்காரரைக் காட்டினாள். அவர் பெருந்தன்மையாகக் கையசைத்தார். அக்கா பேனாவை மூடி வைத்தாள். "நான் பாடுனது அப்படியே இருக்கா? நீ ஏத்துறதுக்கு முன்னாடி பாடுனது?"

இருந்தது. போனிலேயே இருந்தது. இயர்போனின் ஒரு முனையை அவள் காதில் வைத்துக்கொண்டாள், மறுமுனை அவன் காதில். பாட்டு ஓடியது. உச்சியில் குரல் உடைந்தது, சரிந்தது, சரிந்த இடத்திலேயே ஒரு கணம் நின்று ஊன்றி மூச்சு வாங்கி முடித்தது. ஒண்டி அதை அன்றைக்கு முழுதாகக் கேட்கவே இல்லை. உடைந்ததும் நிறுத்திவிட்டு மவுஸைத் தேடியவன்.

"மோசமா இல்லியே" என்றாள் அக்கா. கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"இல்லக்கா."

"எட்டலங்கிறது எனக்குத் தெரியாதாடா? என் தொண்டைக்குத் தெரியும். அப்புறம் உன் பாட்டக் கேட்டேன். என் தொண்டைதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சிட்டேன்." இயர்போனைக் கழற்றினாள். "சரி, ஒண்ணு சொல்லு. மொத்தப் பாட்டையும் சுருதில ரெண்டு கட்டை இறக்கியிருந்தா நான் பாடியிருப்பேன்ல? நீ எதையும் ஏத்தியிருக்க வேணாம்ல?"

இந்தக் கேள்விதான் வரக் கூடாது என்று அவன் பயந்திருந்தான்.

"பாடியிருப்பே."

"அப்புறம் ஏன் இறக்கல?"

ஒண்டி கன்னக்காரரைப் பார்த்தான். அவர் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்தார்.

"இறக்குனா என் பகுதி ரொம்பக் கீழ போயிரும்க்கா. கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கும்."

"ஓ" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். ஓ. மேடையில் அத்தனை பேர் சிரித்தபோது அவன் காது சூடானதே, அது வெட்கம் என்று அவன் நினைத்திருந்தான். இதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. பெட்டி பாதி உண்மையைத்தான் சொல்லியிருந்தது. அக்கா மனசு நோகக் கூடாது என்றுதான் குரலை ஏற்றினேன் என்று அவன் தனக்கே சொல்லி வைத்திருந்த கதையை, ஒரு ஓ வந்து உரித்துத் தொங்கவிட்டுவிட்டது.

"ஞாயித்துக்கிழம நாடகம் வேணுமாம்" என்றான், தரையைப் பார்த்து. "நான் முடியாதுன்னு சொல்லிடுறேன்."

"நீ ஏன் என்னைக் கேக்காம சொல்லுவ? நான் வரேன். நாடகம் கெடையாது. பாட்ட ரெண்டு கட்டை இறக்கு." பேனாவைத் திறந்தாள். "அடுத்தவங்க வரலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஒண்டி ஓட்டை சாக்ஸோடு மேடையேறினான். பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். கடைசிப் பாட்டை ஆரம்பித்ததுமே முன்வரிசையில், "எட்டாது! எட்டாது!" என்று கத்தினார்கள். ஒண்டி மைக்கைப் பிடித்தான்.

"அது நாடகம் இல்லீங்க. நெஜமாவே நடந்தது. அக்காவுக்குத் தெரியாம நான் செஞ்ச தப்பு அது."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. "சூப்பர்! நடிப்பப் பாரு!" என்று யாரோ விசிலடித்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்குக்கூட ஒரு லாயக்கு வேண்டும் போலிருக்கிறது.

அவன் பகுதி வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பாடினான். அடிமட்டத்தில் குரல் போய்ச் சேர்ந்த இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். பீரங்கி, நல்ல நண்பன் என்பதால், ஓங்கி அடித்து மூடப் பார்த்தான். ஒண்டி தலையை ஆட்டி வேண்டாமென்றான். கேட்கட்டும்.

அக்கா கடைசி வரிக்கு ஏறினாள். எட்டியது. எட்டிய இடத்தில் ஒரு ஓரம் மட்டும் லேசாகப் பிசிறியது. அவள் அதை மறைக்கவில்லை. நின்று ஊன்றி மூச்சு வாங்கி முடித்தாள். கைதட்டல் போன தடவை அளவுக்கு இல்லை. நாடகத்துக்காக வந்தவர்கள் சிலர் இன்னும் எதையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கண்ணை மூடி நின்றிருந்தாள். அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை.

பின்னறையில் அவள் முகம் கழுவப் போயிருந்தாள். நாற்காலியில் அவள் கைப்பை. பழைய ரிங்டோன் திரும்பி வந்திருக்குமோ என்று ஒண்டிக்கு ஒரு நப்பாசை. கதவுக்கு வெளியே போய் நின்று அவள் எண்ணை அழுத்தினான். கைப்பைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ட்ரிங் ட்ரிங்.

அவசரமாக வெட்டினான். அக்கா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து போனை எடுத்துப் பார்த்தாள். "ஏன்டா, அடுத்த ரூம்ல நின்னுக்கிட்டு மிஸ்டு கால் குடுக்குற?"

"கை பட்டுருச்சுக்கா."

"உனக்குக் கால் பட்டாலும் வம்பு, கை பட்டாலும் வம்பு." போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை சாக்ஸில் வந்து நின்றது. பெருவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒண்டி அதை மற்றக் காலால் மறைத்தான்.

"மறைக்காத" என்றாள் அக்கா. "வா, போலாம்."