ரப்பர் குழாய் அம்மன்

1

இந்தக் கதை ஒரு பாராட்டில் பிறந்தது. 1943இல் சேலத்துப் படக் கம்பெனி ஒன்றுக்கு நான் எழுதிய மர்மப் படத்தை, 'மூடநம்பிக்கைக்குச் சவுக்கடி' என்று ஒரு பத்திரிகை புகழ்ந்தது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

படத்தில் அம்மன் சிலை கண்ணீர் விடும். ஊரே கும்பிடும். கடைசியில் துப்பறிகிறவன் சிலையின் முதுகை உடைத்து ரப்பர் குழாயை இழுத்துக் காட்டுவான். குழாய் என் யோசனை.

2

'கந்தம்மாள் ஓர் அப்பாவி. அவளுக்கு உலகம்...'

(இந்த வரியை அடித்துவிட்டேன். அப்பாவி என்று எழுதினால் பாதிப் பழி அவள்மேல் போய்விடுகிறது.)

சேலத்தில் குகை என்ற பேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் தறி நின்றதால், படத்தில் கும்பிடும் கூட்டத்தோடு நிற்க வந்தாள். புருஷன் செங்கோடன் மலைக்காய்ச்சலில் கிடந்தான்.

சிலை அழுததும் மற்றவர்கள் சொல்லிக்கொடுத்தபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவள் நிஜமாகவே அழுதாள். கேமரா நின்றபின், சிலையின் காலடியில் தேங்கிய தண்ணீரைச் சொம்பில் வழித்தாள்.

"எதுக்கம்மா அது?" என்றேன்.

"ஊட்டுக்காரருக்குங்க. ஆத்தாளே நமக்காக அழுதிருக்கறா. இனி மருந்து எதுக்குங்க?"

[இங்கே 'நான் குழாயைக் காட்டினேன்' என்று எழுதியிருந்தேன். பொய். டைரக்டர் என் கையை அழுத்தி, "நாளைக்கும் இந்தம்மா இப்படியே அழணும். வாயைத் திறக்காதீங்க" என்றார். நான் திறக்கவில்லை.]

3

அவள் தண்ணீர் வழித்துக்கொண்டு போன பதினோராம் நாள் செங்கோடன் செத்துப்போனான். காரியம் முடிந்ததும் அவள் கம்பெனி வாசலுக்கு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

"தப்பு எம்மேலதாங்க. மனசு கேக்காம ஒரு நாள் கொயினா மருந்து ஒரு வாய் குடுத்துப்புட்டேன். ஆத்தா கோவிச்சுக்கிட்டா. உள்ள உட்டீங்கன்னா, கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருவேனுங்க."

4

முதல் முடிவு: உள்ளே அழைத்துப்போய்க் குழாயைக் காட்டுகிறேன். மருந்தை நிறுத்தியதுதான் அவனைக் கொன்றது என்று அவளுக்குத் தெரிகிறது.

இரண்டாவது: கும்பிட விடுகிறேன். கொடுத்த அந்த ஒரு வாய் மருந்துதான் கொன்றது என்று சாகும்வரை நம்புகிறாள்.

நடந்தது இரண்டும் இல்லை. "ஷூட்டிங் நடக்குது, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

இந்தப் பக்கத்தில் அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். நீங்கள் நல்லவர்கள், படித்தவர்கள். போய்ச் சொல்லுங்கள். எதைச் சொல்வீர்கள்?