வாய்க்குள் நின்ற தேத்தண்ணி

என் தியேட்டருக்கு ஒரு வெளிநாடு இலவசமாகப் புரொஜெக்டர் தர வந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷமல்ல, சந்தேகம். பதுளை பஜாரில் மூன்று தலைமுறையாக யாவாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. அநியாய விலை சொல்கிறவனோடு உட்கார்ந்து பேசுவோம். விலையே சொல்லாதவனைக் கண்டால் கல்லாப்பெட்டியைப் பூட்டிக்கொள்வோம்.

அது எழுபத்து நான்காம் ஆண்டு. ஊசி நூலுக்கே இறக்குமதித் தடை. என் பழைய மெஷின் ஒரு படத்துக்குள் மூன்று தடவை நிற்கும். ஒவ்வொரு தடவையும் மலிவு டிக்கெட் கலரியிலிருந்து என் உம்மாவை அன்போடு விசாரிப்பார்கள். உதிரிப்பாகம் கிடையாது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் தியேட்டரை உருளைக்கிழங்குக் கிடங்காக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் ஸலீம் வந்தார். கொழும்பில் அந்த நாட்டின் வர்த்தகக் காரியாலயத்தில் வேலை பார்க்கும் நம் ஆள். என்னை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். நாட்டின் பெயர் எதற்கு? எங்கள் ஊவா மலைத் தேயிலையை நிறைய வாங்குகிறவர்கள், அவ்வளவு போதும்.

"மெஷின் எங்கட அன்பளிப்பு, நிஸாம் நானா. கெழமைக்கு ஒருக்கா எங்கட படம் ஒண்டு போட்டாச் சரி."

"படத்துக்கு வாடக?"

"ஒண்டும் வேணாம்."

"மெஷினக் கொண்டு வந்து பூட்டித் தார ஆள்?"

"நாங்க அனுப்புறம்."

"ஆக்கள் உக்கார்ர கதிரயெல்லாம் கிழிஞ்சி ஈக்கு..."

"அதயும் பாப்பம் நானா."

கேட்கக் கேட்கத் தலையாட்டினார். ஒருவன் இப்படித் தலையாட்டினால் திருட்டுச் சரக்கு என்று என் வாப்பா கடைக்கதவைச் சாத்திவிடுவார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மெஷின் வந்தது. படம் கண்ணாடியாகத் தெரிந்தது. அவர்களுடைய படங்களில் எல்லோரும் டிராக்டர் ஓட்டிக்கொண்டே சிரித்தார்கள். நம் சனமும் சும்மா சொல்லக்கூடாது, வாய் பிளந்து பார்த்தது. மெஷினுக்குள் இருக்கும் பல்ப் மட்டும் இரண்டு மாதத்தில் கறுத்துவிடும். இலங்கையில் எந்தக் கடையிலும் அந்த பல்ப் இல்லை. ஸலீம்தான் அனுப்ப வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

இதைக் கேட்டு என் மனைவி றஷீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா அடுப்பு வித்த கதயா ஈக்கே!"

அவளுக்கு மாமாவான என் வாப்பா ஒருவகை மண்ணெண்ணெய் அடுப்பைக் கொள்முதல் விலைக்கே கொடுப்பார். அதற்குப் பொருந்தும் திரி எங்கள் கடையில் மட்டும்தான் இருக்கும். அடுப்பை வாங்கியவன் ஆயுள் முழுக்க எங்களுக்கு சலாம் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தத் திரியைக் கத்தரித்துக் கொடுத்துதான் நான் வளர்ந்தேன். இருந்தும் அடுப்பை வாங்கிவிட்டேன்.

ஞாயிறு காலைகளில் தியேட்டரைத் தேயிலைத் தோட்டத்து நாடகக்காரர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அந்த மாதம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து அழகையாவின் முறை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். இதுதான் அவருடைய கடைசி நாடகம். நாளும் கொடுத்து வாக்கும் கொடுத்திருந்தேன்.

ஒத்திகையைப் பார்த்தேன். தேயிலை வாங்க வந்து, ருசி பார்த்து விலை சொல்லும் வெளிநாட்டு டேஸ்ட்டர் வேஷம் அழகையாவுக்கு. சட்டையில் காகிதக் கொடி. எந்த நாட்டுக் கொடி என்று சொல்லவும் வேண்டுமா? ஒவ்வொரு கோப்பையையும் 'உர்ர்ர்' என்று உறிஞ்சுவார், வாளியில் துப்புவார்.

"இது மாரியாயி மழையில நனைஞ்சு பறிச்சது. த்தூ! வெலையக் கொற!"

நானும் சிரித்தேன். ஸலீமின் தொலைபேசி வரும்வரை.

"ஞாயித்துக்கெழம நாடகமாம். எங்கட பெரியவரும் பாக்க வாராரு. தேயில பத்தின நாடகமா நானா?"

"சும்மா சிரிக்கிற பகிடி நாடகம்."

"ஆ, நல்லம்."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த வாரம் வரவேண்டிய பல்ப் வரவில்லை. புதன்கிழமை அழைத்தேன். "வரும் நானா" என்றார். வியாழக்கிழமை படத்தில் கதாநாயகியின் முகம் பாதி இருட்டு. உருளைக்கிழங்கு வாசம் மூக்கில் அடித்தது.

வெள்ளிக்கிழமை அழகையாவைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கொடியக் கழட்டுங்க."

"கழட்டிறேங்க."

"துப்பவும் வேணாம்."

"துப்பலன்னா அவன் என்னாங்க டேஸ்ட்டரு? சும்மா தேத்தண்ணி குடிக்க வந்த ஆளுல்ல?"

"குடிச்சிட்டுப் போகட்டுமே."

"யாருங்க மொதலாளி சொன்னது?"

"ஒருத்தரும் செல்லல்ல."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தரும் சொல்லாமலேவா? சரிங்க. மேடையில ஒரு சொட்டுத் துப்ப மாட்டேன்."

ஞாயிறு, அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அந்த நாட்டுப் பெரியவர், பக்கத்தில் ஸலீம். அழகையா முதல் கோப்பையை உறிஞ்சினார். விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. இரண்டாவதையும் உறிஞ்சினார். மூன்றாவதில் கன்னம் இரண்டும் பலூன். கண்ணில் நீர். விலை சொல்ல வாய் திறக்க முடியாமல் விரலால் 'குறை, குறை' என்று காட்டினார்.

"துப்புய்யா, செத்துகித்துப் போவ!" என்று கலரியிலிருந்து தோட்டத்து இராக்கம்மா கத்தினாள். அவ்வளவுதான். அரங்கமே எழுந்தது. "துப்பு! துப்பு!"

அழகையா முன்வரிசைக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்கும் ஒன்று. மேடையிலிருந்து இறங்கி, நடுவழியாக நடந்து, வாசலைத் தாண்டி ரோட்டோரச் சாக்கடைக் காணுக்குப் போனார்.

"த்தூ!"

உள்ளே கூரை பெயரும் சிரிப்பு. ஸலீம் ஏதோ காதில் ஓத, பெரியவர் தலையாட்டித் தலையாட்டிக் கைதட்டினார். கேட்கக் கேட்கத் தலையாட்டும் அதே ஆட்டம்.

திங்கட்கிழமை ரயிலில் பல்ப் வந்தது. பெட்டியிலிருந்த சீட்டில் முந்திய திங்கட்கிழமைத் தேதி. வழியில் மண்சரிவாம், அதனால் தாமதமாம்.

"நீங்க அழகையாவோட பேச முந்தியே அனுப்பீட்டாங்களே! அப்ப நீங்களாத்தான் அவர்ட வாயப் பொத்தினீங்களா?" என்றாள் றஷீனா.

"பழைய தேதி எழுத எவ்வளவு நேரம் போகும்?" என்றேன். ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போய் மண்சரிவு உண்மையா என்று விசாரித்தேன். உண்மைதான் என்றார்கள். அவர்களையும் முழுக்க நம்பவில்லை.

அடுத்த மாதம் அழகையாவை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டி படுக்கையோடு ஜன்னலோரம் இருந்தார்.

"பல்ப்பு வந்துச்சுங்களா, மொதலாளி?"

"வந்திச்சு."

"எத்தன மாசத்துக்குங்க?"

"ரெண்டு."

ரயில் நகர்ந்தது. அழகையா இரண்டு கன்னத்தையும் ஊதிக் காட்டினார். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்குமுன் பிளாட்பாரத்தில் தெரிந்த முகம் ஏதாவது நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.