நாளுக்கு ஒரு கார்டு

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நிலையத்துப் பேருந்திலிருந்து இறங்கிய அம்சா, சாப்பாட்டுக் கூடையைக்கூட வைக்காமல் நேரே கம்ப்யூட்டர் கூடத்து வாசலுக்குப் போனாள். அங்கே சுவரில் ஒரு மர அடுக்கு. ஆளுக்கொரு பொந்து. முந்தின நாள் கொடுத்த வேலைக்கான விடை காலையில் அந்தப் பொந்தில் வந்து கிடக்கும். விஞ்ஞானிகளின் பொந்துகளில் தலையணை கனத்துக்குத் தாள்கட்டு இருந்தது. அம்சாவுக்கு எப்போதும்போல ஒரே தாள். பச்சைக் கோடு போட்ட அந்த அகலத் தாளை நின்ற இடத்திலேயே பிரித்துப் படித்தாள்.

"ஆறாம் கோபுரத்தின் அடியில் நிற்கிறாய். உன்னோடு காவலன் இருக்கிறான். எதிரே கதவு. கதவு ஒருவரைத்தான் உள்ளே விடும். பிறகு மூடிக்கொள்ளும். நீ என்ன செய்யப் போகிறாய்?"

அறுபத்தொரு வேலை நாட்கள் நடந்து வந்து சேர்ந்த இடம். இதற்குப் பதில் சொல்ல அவளிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கார்டு. கம்ப்யூட்டரோடு அவள் ஆடும் இந்த விளையாட்டு ஏறியிருக்கும் காந்த நாடா வேறு வேலைக்கு வேண்டுமாம், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அழித்துவிடப் போகிறார்களாம். திங்கட்கிழமையே சுற்றறிக்கை வந்துவிட்டது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கட்டிய அந்த ஆராய்ச்சி நிலையத்தில் மனிதர்களுக்கு மின்விசிறி, கம்ப்யூட்டருக்குக் குளிர்சாதனம். அதனோடு பேச வேண்டுமென்றால் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் பேச வேண்டும். ஓட்டை போட எட்டுப் பெண்கள் பஞ்ச் ரூமில் உட்கார்ந்திருந்தார்கள். விஞ்ஞானி தன் கணக்கைக் கட்டம் போட்ட ஷீட்டில் எழுதித் தருவார். ஒருத்தி அதைப் பார்த்துத் தட்டுவாள், கார்டில் ஓட்டை விழும். இன்னொருத்தி அந்தக் கார்டை வெரிஃபையர் என்ற வேறொரு இயந்திரத்தில் செருகி, அதே ஷீட்டைப் பார்த்து மறுபடி தட்டுவாள். இரண்டும் ஒத்துப்போனால் கார்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். அம்சா தட்டினால் சம்பூர்ணம் சரிபார்ப்பாள். இந்த ஜோடியில் சிவப்பு விளக்கு எரிந்ததே இல்லை என்று மேற்பார்வையாளர் கேசவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார், ஏதோ தாமே தட்டினமாதிரி.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் ஞானதாஸ். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த புரோகிராமர். அங்கே பிள்ளைகள் திரை முன்னால் உட்கார்ந்து, இல்லாத ஊர்களுக்குள் இறங்கிச் சண்டை போட்டதைப் பார்த்தவர். இங்கே திரை ஏது? கார்டுதான் உண்டு. சரி, நாளுக்கு ஒரு கார்டு, காலையில் ஒரு விடை என்று அதற்கேற்ப எழுதினார். மாமல்லபுரத்துக் கடலில் ஆறு கோபுரம் முழுகிக் கிடக்கிறதென்று கரையில் எல்லோரும் சொல்வார்களே, அந்த ஊர்தான் களம். படி இறங்கி ஒவ்வொரு கோபுரமாகக் கடக்க வேண்டும். அச்சு இயந்திரத்துக்குத் தெரிந்தது ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டுமே. ஆனால் அவர் அந்த எழுத்துக்குள் தமிழை வைத்திருந்தார். முதல் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தபோது, ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த இரும்பு தன்னோடு தமிழில் பேசியதில் அம்சாவுக்கு உடம்பு சிலிர்த்துப் போனது.

பிள்ளை விளையாட்டு இல்லை அது. அந்த ஊரில் பசி உண்டு, துரோகம் உண்டு, ஆசை காட்டிப் படுக்கைக்கு அழைத்துக் கழுத்தை அறுக்கிறவர்கள் உண்டு. செத்தால் செத்ததுதான், இரண்டாம் முறை நுழைய முடியாது. தொடக்கத்தில் பன்னிரண்டு புள்ளி கொடுக்கும். பலம், புத்தி, இரக்கம் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். விஞ்ஞானிகள் பலத்துக்கு அள்ளிக் கொட்டினார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று வரிசையாகச் செத்து, கேண்டீனில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காபி குடித்தார்கள். உள்ளே போன பதினேழு பேரில் பதினாறு பேர் காலி. அம்சா பலத்துக்கு இரண்டு, புத்திக்கு நான்கு, இரக்கத்துக்கு ஆறு போட்டிருந்தாள்.

"இரக்கத்த வெச்சிகினு இன்னாக்கா பண்ணுவ? மொத நாளே முழுங்கிடும்," என்றாள் அன்றைக்குச் சம்பூர்ணம்.

"எனக்கு வேற இன்னா தெரியும் சொல்லு," என்றாள் அம்சா.

முழுங்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் ஒரு காவலன் அவள்மேல் ஈட்டியோடு பாய்ந்து, படியில் வழுக்கி, தன் ஈட்டியிலேயே விழுந்து கிடந்தான். நீ என்ன செய்யப் போகிறாய் என்று தாள் கேட்டது. கம்ப்யூட்டருக்குப் புரியக்கூடிய வினைச்சொற்கள் நாற்பது என்று ஞானதாஸ் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். வெட்டு, குத்து, எடு, ஓடு, கொடு, நில். அம்சா தண்ணீர் கொடுக்கிறேன் என்று தட்டினாள். சம்பூர்ணம் அதைச் சரிபார்த்துவிட்டு அவளோடு அன்று முழுக்கப் பேசவில்லை. அன்றிலிருந்து காவலன் கூடவே வந்தான், அவள் சோற்றில் பாதியைத் தின்றுகொண்டு. நாற்பதாம் நாள் தாளில் இப்படி வந்தது: "காவலன் சொல்கிறான். நேற்று நீ தூங்கும்போது நான் விழித்திருந்தேன். இனி எப்போதும் விழித்திருப்பேன்."

அம்சா அந்தத் தாளை யாருக்கும் காட்டவில்லை. நாலாக மடித்துக் கூடைக்குள் வைத்து, செங்கல்பட்டில் வீடு போய்ச் சேரும்வரை மடியிலேயே பிடித்துக்கொண்டு போனாள். மறுநாள் ஞானதாஸைத் தனியாகப் பார்த்து, அந்த வரியை அவர்தான் எழுதினாரா என்று தரையைப் பார்த்தபடி கேட்டாள். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"துண்டு துண்டா நெறைய எழுதிப் போட்டிருக்கேன் மேடம். எந்தத் துண்டு எப்ப வரணும்னு நான் முடிவு பண்றதில்ல. நீங்க இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்கு. அத வெச்சு அதுவா எடுக்குது."

தான் செய்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்பதை அவளால் லேசில் தாண்டிப் போக முடியவில்லை. முப்பத்தாறு வயதில் அவளுக்கு எல்லாம் அண்ணன் உலகநாதன் முடிவு செய்ததுதான். படிப்பை எங்கே நிறுத்துவது, எந்த வேலைக்கு மனுப் போடுவது, பெண் பார்க்க வந்தவர்களில் யாரை எதற்காக அனுப்பிவிடுவது எல்லாம். கெட்டவரில்லை, தங்கை என்றால் உயிர்தான். ஆனால் நீ என்ன செய்யப் போகிறாய் என்று அவரும் கேட்டதில்லை, வேறு யாரும் கேட்டதில்லை. இது கேட்கிறது. கேட்டுவிட்டு, அவள் பதிலுக்கு ஒரு பகல் முழுக்கப் பேசாமல் காத்திருக்கிறது. கடவுள்கூட அவளிடம் அப்படிக் காத்திருந்ததாக அம்சாவுக்கு நினைவில்லை.

வியாழக்கிழமை பகல் முழுக்க நிலையத்தில் இதே பேச்சு. கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று ஞானதாஸைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரோ வாயைத் திறக்கிற ஆள் இல்லை. செத்துப்போன பதினாறு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் பஞ்ச் ரூம் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். நீங்க ஒருத்தர்தாம்மா போக முடியும், எங்களுக்காகப் பார்த்துச் சொல்லுங்க என்று தலை நரைத்த ஒரு விஞ்ஞானி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுவிட்டுப் போனார். அம்சாவுக்கும் பார்க்க ஆசைதான். அறுபத்தொரு நாளும் இதற்காகத்தானே. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பிறகு கதவும் இருக்காது, காவலனும் இருக்க மாட்டான். அழியப் போகிறவனுக்காக அழியப் போகிற கதவை விடுவது என்ன நியாயம்?

"ஈட்டிய தூக்கினு வந்தவன் தானக்கா அவன். பேசாம உள்ள போ," என்றாள் சம்பூர்ணம்.

"போறேன்டி. போகாம?"

மூன்று மணிக்குக் கார்டுகளை உள்ளே கொடுத்துவிட வேண்டும். சொந்த விளையாட்டானாலும் ஷீட்டில் எழுதித்தான் தட்ட வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். இரண்டே முக்காலுக்கு அம்சா ஷீட்டை எடுத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, உள்ளே போகிறேன் என்று எழுதினாள். ஷீட்டை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, விரல்களைப் பார்க்காமல், எப்போதும்போலத் தட்டினாள். கார்டு வெளியே வந்தது. அதையும் ஷீட்டையும் சம்பூர்ணத்திடம் நீட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கலாமென்று எழுந்தாள்.

சம்பூர்ணம் கார்டைச் செருகி முதல் எழுத்தைத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அறையில் மற்ற ஆறு இயந்திரங்களும் நின்றுபோயின. சம்பூர்ணம் தன் விரல்தான் தவறியிருக்கும் என்று மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு. கார்டை உருவி, தலைப்பில் அச்சாகியிருந்த வரியைப் படித்தாள். அவள் முகம் மாறியது. எழுந்து வந்து கார்டை அம்சாவின் கையில் வைத்தாள்.

நிற்கிறேன் என்று இருந்தது.

அம்சா அதை நம்பாமல் பார்த்தாள். தட்டியது அவள்தான். ஆனால் அந்தச் சொல் அவள் மனத்தில் ஓடவே இல்லை. பட்டியலில் அந்த வினை இருந்தது, யாரும் தொட்டதில்லை. நாளுக்கு ஒரு கார்டுதான் என்கிறபோது, சும்மா நிற்பதற்கு ஒரு நாளை எவன் செலவழிப்பான்? தன் பத்து விரல்களையும் முதல்முறையாகப் பார்க்கிறவள்போல விரித்துப் பார்த்துக்கொண்டாள். பதினாறு வருஷம், முதலில் டைப்ரைட்டரில், பிறகு இங்கே, அடுத்தவர் எழுதியதையே தட்டிய விரல்கள். அவற்றுக்கென்று ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது, கண்ணும் கரித்தது.

அந்த அறையின் சட்டப்படி ஷீட்டில் இருப்பதுதான் சரி. கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு தட்ட வேண்டும். கேசவன் மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு? வேற கார்டு போடு. மணி ஆவுது," என்றார்.

சம்பூர்ணம் அவர் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, எது நெசம்? ஷீட்டா, கார்டா?" என்று மெல்லக் கேட்டாள்.

கேட்டுவிட்டு அவளும் காத்திருந்தாள்.

"கார்டு தான்," என்றாள் அம்சா.

சம்பூர்ணம் ஷீட்டில் இருந்ததை ஒரே கோடாக அடித்தாள். கார்டைத் திரும்பச் செருகி, எதையும் பார்க்காமல், நிற்கிறேன் என்று தட்டினாள். கார்டின் ஓரத்தில் வெட்டு விழுந்தது. கேசவன் வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்து திருக்கழுக்குன்றத்து மலையைச் சுற்றி வருவதற்குள் அம்சாவுக்கு யுகமாகிவிட்டது. மர அடுக்கின் முன் ஒரு கூட்டமே நின்றது. அவள் பொந்தில் ஒற்றைத் தாள் இல்லை. மற்ற எல்லாருடையதையும்விடப் பெரிய கட்டு ஒன்று பொந்தை அடைத்துக்கொண்டு நின்றது. வேறு யாருடையதோ தவறி வந்துவிட்டது என்று நினைத்தாள். மேல் தாளில் அவள் பெயர் இருந்தது. கீழே ஒரு வரி: "நிற்கிறாய். கதவு மூடிக்கொண்டது. கடல் வற்றுகிறது." அதன் பிறகு சொல்லே இல்லை, புள்ளியும் நட்சத்திரமுமாகத் தாள் தாளாக ஓடியது.

ஞானதாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நடைபாதையில் மண்டியிட்டு, மடிப்பு மடிப்பாக இருந்த தாளைத் தரையில் உருட்டிவிட்டார். அது நடைபாதையின் நீளத்துக்கு ஓடியது. அங்கே கிழித்து, பக்கத்தில் இரண்டாவது பட்டை. அப்புறம் மூன்றாவது. ஏழு பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பரப்பி முடித்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

"மேல போய்ப் பாருங்க," என்றார்.

மாடிப்படியில் ஏறித் திரும்பிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றார்கள். கீழே நின்றபோது வெறும் பொட்டுகளாகக் கிடந்தவை, மேலிருந்து ஊராக எழுந்து நின்றன. ஆறு கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் நிலை நிலையாக மாடங்கள், கலசங்கள், அவற்றுக்கு நடுவே தெருக்கள், தெருவில் வற்றிக்கொண்டிருக்கும் தண்ணீர், தண்ணீரில் கரை தேடும் மீன்கள். யாரும் சொல்லாமலே செத்துப்போன விஞ்ஞானிகள் நின்ற படியிலேயே ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். சம்பூர்ணம் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

"எங்க நைனா கடலுக்குப் போய்ட்டு வந்து சொல்லிகினே இருப்பாரு. தண்ணி தெளிஞ்சா கலசம் தெரியும்னு. நான் ஒரு நாளும் நம்பல," என்றாள்.

"நில்லுன்னு ஒருத்தராவது போடுவாங்கன்னு பாத்துகிட்டே இருந்தேன்," என்றார் ஞானதாஸ், யாரிடமென்றில்லாமல். "ஒரு நாள சும்மா விட யாருக்கும் மனசு வரல."

"அப்ப உள்ள இன்னா சார் கீது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

ஞானதாஸ் அம்சாவைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

அம்சா படியிறங்கி வந்தாள். தாளை மிதித்துவிடாமல், சுவரோரமாக, ஒவ்வொரு கோபுரமாகக் கடந்து ஆறாவதன் அடிக்குப் போனாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் கூடத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ அழிக்க வேண்டிய நாடாச் சுருளை மாட்டிவிட்டார்கள். அது சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. அவள் நிமிரவில்லை. கோபுரத்தின் கீழே கதவு, கறுப்பாக, இடைவெளியே இல்லாமல் மூடிக் கிடந்தது. அதன் முன்னால், அத்தனை ஆயிரம் புள்ளிகளுக்கும் நட்சத்திரங்களுக்கும் நடுவே, ஆங்கில எழுத்து என்று இருந்தது இரண்டே இரண்டு. அவள் பெயரின் 'ஏ'. அதன் பக்கத்தில் காவலனின் 'கே'. இரண்டும் கதவுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்தபடி, நடுவில் ஒரு புள்ளிக்குக்கூட இடம் விடாமல் நின்றுகொண்டிருந்தன.