பவுலின் அழுவதில்லை

எடை பார்க்கக் கூட்டிவந்திருந்த இடத்தில், அங்கன்வாடி வாசற்படியில் இடறி விழுந்த பவுலின் அழவில்லை. முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தை. எழுந்து, மூன்றடி தள்ளி நின்றிருந்த அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே போனது.

“வீட்லயும் இப்படித்தான் இருக்குதா?” என்று கேட்டாள் டீச்சர் விஜயலட்சுமி.

“அது பாட்டுக்கு இருக்கும் டீச்சர். ஒரு தொல்லையும் இல்ல,” என்றாள் மரியசெல்வி.

“விழுந்தா புள்ளைங்க அம்மாவத் தேடும். இது யாரையும் தேடலியே. கைக்கொழந்தையா இருந்தப்போ அழுதா தூக்குவியா?”

ஒன்றரை வருஷத்துக்கு முன், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்தபோது பவுலினுக்கு இரண்டு மாதம். கரையில் விளையாடிக்கொண்டிருந்த மூத்தவன் ஜெனிஷின் உடலை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். அதன் பிறகு மரியசெல்வி சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். யாராவது சொன்னால் எழுந்து பால் கொடுப்பாள், துடைத்துவிடுவாள், பாயில் போட்டுவிட்டு மறுபடி திரும்பிக்கொள்வாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். அதில் ஜெனிஷின் கண் இருந்தது. முதுகுக்குப் பின்னால் குழந்தை அழுவது யார் வீட்டிலோ கேட்பதுபோல் இருக்கும். முதலில் நெடுநேரம் அழுதது. பிறகு கொஞ்ச நேரம். ஒரு நாள் நின்றுபோனது. கணவன் சகாயநாதன்கூட, “சமத்துப் புள்ள,” என்றான். அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

“இனிமே தூக்குனா சரியாயிடுமா டீச்சர்?”

விஜயலட்சுமி பஞ்சை எடுத்துக்கொண்டே, “தூக்கு. விடாம தூக்கு,” என்றாள். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து தூக்கினாள். உப்பளத்து வேலைக்கும் இடுப்பில் கொண்டுபோய்க் கொட்டகை நிழலில் உட்காரவைத்தாள். ஒவ்வொரு கூடை கொட்டிவிட்டு வரும்போதும் முத்தம் கொடுத்தாள். ஜெனிஷுக்குச் சொன்ன கதைகளையெல்லாம் சொன்னாள். குழந்தை எல்லாவற்றுக்கும் இடம்கொடுத்தது. ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர், முன்பின் தெரியாத ஆள், விளையாட்டாகக் கையை நீட்டினான். குழந்தை உடனே போனது.

“எங்கூட திண்டிவனம் வர்றியா?”

தலையாட்டியது. அவன் சிரித்தபடி லாரிப் பக்கம் நடந்தான். “ஒங்க புள்ளைக்கி பயமே இல்லக்கா.”

மரியசெல்வி கூடையைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள். “பவுலினு, அம்மா இங்க இருக்கேன்டி.”

குழந்தை திரும்பிப் பார்த்தது. டிரைவரைப் பார்த்த அதே பார்வை.

அவனிடமிருந்து பிடுங்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவளது தோளுக்கு மேலே, குவித்துவைத்த உப்பு வெயிலில் மின்னுவதைப் பார்த்தபடி, இறக்கிவிடும்வரை அசையாமல் இருந்தது குழந்தை.