பிரபுவின் சிவந்த மூக்கு

1

இந்தக் கதை எனக்கு ஒரு மூக்கில்தான் கிடைத்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் வாங்கிய, க்ராய்ட்சர் என்ற பழைய ஜெர்மானியச் சில்லறைக் காசு அது. அதில் பதித்திருந்த, அந்நாட்டை ஆண்ட பிரபுவுக்கு முகமெல்லாம் வெள்ளி, மூக்கு மட்டும் செம்பு. குடிகாரர் போல இருந்தார். சிரித்துவிட்டேன். அந்தக் காலத்தில் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாமல் போனவன் ஒருவன் இருந்திருப்பானே என்று பிறகுதான் தோன்றியது.

2

'ஆயிரத்து எழுநூற்று அறுபதில், ஜெர்மானியச் சமஸ்தானங்களின் வானில் போர் மேகங்கள் சூழ்ந்த' (அடித்துவிட்டேன். மேகம் யாருக்கு வேண்டும்? கல்யாணத்துக்குப் போவோம்.)

மாப்பிள்ளை வைட்டுக்கு நாணயச்சாலையில் வேலை. வெள்ளி கொஞ்சமும் செம்பு மிச்சமுமான சில்லறையை உப்பும் புளிப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மேலுக்கு வெளுப்பாக்குவான். கலவையைப் பற்றி வெளியே மூச்சுவிட்டால் சிறை. பைபிளின்மேல் சத்தியம் செய்திருக்கிறான்.

மணப்பெண் வால்பர்கா. காலணிக்குள் காசு வைத்துத் தேவாலயம் போனால் காலமெல்லாம் கையில் காசு தங்கும் என்பார்கள். அவளுக்காக, அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்த பளபள காசைக் கொண்டுவந்தான் வைட். மேல் வெளுப்பு தேய்ந்து செம்பு தெரியும் என்று நன்றாகத் தெரிந்த அவனே! (நம்ப முடியவில்லையா? நானும் கல்யாணம் செய்துகொண்டவன்தான்.)

3

வைட்டுக்கு ஆட வராது, உட்கார்ந்து பார்த்தான். வால்பர்கா ஒரு பாட்டு விடாமல் ஆடினாள். கடைசியில், வழக்கப்படி, அவள் சித்தி சபீனா காலணியைப் பிடுங்கிக் காசை மேஜையில் கொட்டினாள்.

"அடியே, பிரபுவுக்கு மூக்கு செவந்து கெடக்குடி! கள்ளக்காசு குடுத்திருக்கானா உம் மாப்ள?"

"சித்தி, சும்மா இருங்க."

"நான் எதுக்குடி சும்மா இருக்கணும்? காலையில வெள்ளி, சாயங்காலம் செம்பு. நாளைக்கு இவனே எப்படியோ!"

'எல்லாக் காசும் இப்படித்தான்' என்று வைட் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மேஜைக் கோடியில் நாணயச்சாலை அதிகாரி, வாயிலிருந்த பன்றிக்கறியை மெல்வதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், வைட் தலையைக் குனிந்துகொண்டான்.

4

முதல் முடிவு: வைட் உண்மையைச் சொல்லிவிடுகிறான். (சிறைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.)

இரண்டாவது: வால்பர்கா கண்ணீர் பெருக (இல்லை, இவள் அழுகிற ஜாதி இல்லை.)

மூன்றாவது: அவள் வைட்டின் கையைப் பார்க்கிறாள். புளிப்பில் வெந்து வெளுத்த விரல்கள். ஏன் இப்படி என்று முன்பு கேட்டபோது, "அத மட்டும் கேக்காத" என்றவன். அவன் ஏன் வாய் திறக்க முடியாது என்று இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. காசை எடுத்துத் திரும்பவும் காலணிக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாள் பூரா என் குதிகாலுக்கு அடியில கெடந்தா, பிரபுவா இருந்தாலும் மூக்கு செவக்கத்தான் செய்யும் சித்தி. வாசிங்கப்பா, இன்னொரு பாட்டு!"

5

கூடம் முழுக்கச் சிரித்தது. அதிகாரி இன்னும் சிரிக்கவில்லை. பிரபுவைக் காலில் போட்டு மிதித்ததாகச் சொன்னவளும் சிறைக்குப் போகலாம், அதுவும் அவளுக்குத் தெரியும். அவரைச் சிரிக்கவைக்கலாமா, எழுந்திருக்கவைக்கலாமா என்று நான்கு நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். என்னால் ஆகவில்லை.

வைட் எழுந்துவிட்டான். ஆட வராதவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவுக்கே வந்துவிட்டான். என்னால் அவர்களைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை; அதிகாரியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.