காலிக் கட்டடம்

ஐந்தரை மணிக்குப் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்ததும் முதலில் எரிவது மூக்கு. பிறகு தொண்டை. கண் எரியத் தொடங்கும்போது வெளியே விடிந்திருக்கும். இரண்டாவது மூட்டையைக் கொட்டியிருப்பார்கள்.

மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய அந்தக் கிடங்கில் இருபத்து மூன்று பெண்கள் சுக்கு சலித்தார்கள். சுண்ணாம்பில் புரட்டிக் காயவைத்த சுக்கு. இருவர் எதிரெதிரே நின்று சல்லடையின் இரு பக்கமும் பிடித்து ஆட்ட வேண்டும். சுண்ணாம்பும் தோலும் பொடியாகக் கீழே உதிரும்; அதில் பாதி மேலே எழுந்து முடியிலும் புருவத்திலும் உட்காரும். தெருவைப் பார்த்த பெரிய கதவு ஒருபோதும் திறக்கப்படுவதில்லை. சுவரின் காற்றுத் துவாரங்களில் பலகை அடித்திருந்தது. கூரையில் பதித்த இரண்டு கண்ணாடி ஓடுகளும் ஒரு குழல் விளக்கும்தான் வெளிச்சம். தூசி வெளியே போக வழியில்லாததால் நெஞ்சுக்குள் போனது.

சிலநாள் காலையில் சேவியர் மேஸ்திரி விளக்கை அணைப்பார். அணைந்ததும் சல்லடைகள் நிற்க வேண்டும். யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நிற்பார்கள். தூசிக்காகக் கார்ப்பரேஷன் சுகாதாரக்காரர்கள் அபராதம் போட வருவார்கள் என்று சேவியர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடங்களாக வீரலட்சுமி அதை நம்பினாள். விளக்கு மறுபடி எரியும்வரை மூச்சைச் சின்னதாக விடுவதற்கு அவள் உடம்பு பழகிப்போயிருந்தது. வீட்டிலும் சிலசமயம், புருஷன் கோபமாக வரும் நாள்களில், அப்படியே மூச்சு விடுவாள்.

அவளுக்கு எதிரே நின்று சல்லடை பிடித்தவள் கமலாக்ஷி. டிசம்பரில் மூட்டை அடுக்கு சரிந்து அவள் இடது கால்மேல் விழுந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சேவியர் மெல்லச் சொன்னார்: வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல வேண்டும், செலவை முதலாளி பார்த்துக்கொள்வார். டாக்டர் கேட்டபோது கமலாக்ஷி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது வீரலட்சுமி. குளியலறைப் படி, பாசி, சோப்புத் தண்ணீர் என்று சொன்னாள். சோப்புத் தண்ணீரைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது தானாகவே வந்தது. பொய் அத்தனை நேர்த்தியாகத் தன் வாயில் இருந்ததை எண்ணும்போதெல்லாம் வீரலட்சுமிக்கு உள்ளே ஏதோ கூசியது.

முதலாளி கேசவ் முதல் பில்லைக் கட்டினார். அதோடு சரி. காலில் கம்பி வைத்தும் எலும்பு சேரவில்லை, மறுபடி அறுக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கமலாக்ஷி தோப்பும்படியில் ஒற்றை அறையில் படுத்துக் கிடந்தாள்.

பிப்ரவரியில் ஷபானா, கமலாக்ஷியின் புருஷன் அய்யாசாமியைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகம் போனாள். இருபத்து மூன்று பேரில் ப்ளஸ் டூ படித்தவள் அவள்தான். திரும்பி வந்து, பின்சந்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னாள்: அந்த விலாசத்தில் வேலைத்தலமே கிடையாதாம். கார்ப்பரேஷன் கணக்கில் அது பன்னிரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் காலிக் கட்டடம். காலிக் கட்டடத்துக்குப் பாதி வரிதான். இந்த வருட பட்ஜெட்டில் கிடங்குகளின் வரியை இரட்டிப்பாக்கப் போகிறார்கள். பூட்டிக் கிடப்பவற்றை நேரில் வந்து பார்த்த பிறகே சலுகை தருவார்களாம்.

யாரும் சாயாவைக் குடித்து முடிக்கவில்லை. விளக்கு அணைந்ததெல்லாம் வரிக்காரர்களுக்காக; தூசியை ஒளித்துவைப்பதாக நினைத்துத் தங்களைத் தாங்களே ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

அடுத்த திங்கள்கிழமை கேசவ் வந்தார். மூட்டைக்கான கூலியைக் குறைப்பதாகச் சொன்னார். வரி ஏறப் போகிறது, ஹோட்டல்காரர்கள் கட்டடத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், உங்களுக்காகத்தான் இதை வைத்திருக்கிறேன் என்றார்.

வீரலட்சுமி சல்லடையைக் கீழே வைத்தாள். "வரி இன்னும் ஏறலையே முதலாளி. கூலி மட்டும் எப்படி முன்னாடியே இறங்குச்சு?"

"பட்ஜெட் பாஸாகட்டும், அப்போ தெரியும். புதன்கிழமை ரெவென்யூ ஆபீசர் வராங்க. வழக்கம்போல அரைமணி நேரம் அமைதியா இருந்தா எல்லாருக்கும் வேலை இருக்கும்."

"கமலாக்ஷிக்கு?"

அவர் கோபப்படவில்லை. கைக்குட்டையால் சட்டைக் கையில் படிந்த சுண்ணாம்பைத் தட்டினார்.

"கமலாக்ஷி குளிமுறியில விழுந்தா. ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்கு. சொன்னது நீதானே?"

சுற்றிலும் நின்றவர்கள் தன்னைப் பார்ப்பதை வீரலட்சுமி உணர்ந்தாள். ஷபானாவுக்குக்கூட இது தெரியாது. அவர் போன பிறகும் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை பின்சந்தில் பேச்சு சண்டையாகவே முடிந்தது. வருகிற ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றாள் ஷபானா. காளியம்மை ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பத்தெட்டு வயது, கமலாக்ஷிக்குப் பிறகு வீரலட்சுமிக்கு எதிரே சல்லடை பிடிப்பவள் அவள்.

"உனக்கென்னடீ, துணிக்கடைக்குப் போய் நிப்பே. என்னை எவன் வேலைக்கு எடுப்பான்? இருமல்காரிக்கு சாயாக் கடையில கிளாஸ் கழுவக்கூட இடமில்ல. வரி ஏறினா கதவைச் சாத்துவான். சாத்தினா கமலாக்ஷி காலு சேந்துருமா?"

அன்று மாலை வீரலட்சுமி தோப்பும்படிக்குப் போனாள். கமலாக்ஷி அவளைக் குறை சொல்லவில்லை. உன் எதிரே இப்போது யார் நிற்கிறார்கள், கை ஒத்துப்போகிறதா என்று மட்டும் விசாரித்தாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. பயம் என்று இத்தனை நாள் தான் நினைத்திருந்ததில் சோம்பலும் கொஞ்சம் கலந்திருக்கிறதோ என்று பஸ்ஸில் திரும்பும்போது வீரலட்சுமி யோசித்தாள். ஒளிந்திருப்பது சௌகரியமாகவும் இருந்தது. இல்லாதவளிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

புதன்கிழமை பத்தரை மணிக்கு விளக்கு அணைந்தது.

சல்லடைகள் நின்றன. கண்ணாடி ஓட்டிலிருந்து இறங்கிய வெளிச்சத்தில் சுண்ணாம்புப் பொடி அசையாமல் தொங்கியது. கதவுக்கு அப்பால் தெருவில் கேசவின் குரல் கேட்டது. "பன்னிரண்டு வருஷமா இப்படியேதான் மேடம். சாவிகூட எங்கே இருக்குன்னு தேடணும்." ஒரு பெண்குரல் அளவைப் பற்றி ஏதோ கேட்டது.

எதிரே காளியம்மை முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள். இருமல் அவளுக்குள் வந்துவிட்டிருந்தது. தோள்கள் குலுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது. கண்களில் நீர் வழிந்து கன்னத்துச் சுண்ணாம்பில் கோடு போட்டது. சத்தம் மட்டும் இல்லை. அந்த உடம்பு படும் பாட்டை இவ்வளவு அருகில் நின்று தான் இதுவரை பார்த்ததே இல்லை என்று வீரலட்சுமிக்குத் தோன்றியது. விளக்கு அணைந்தால் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

அவள் இரண்டடி முன்னால் போனாள். காளியம்மையின் வாயிலிருந்து முந்தானையை மெதுவாக உருவினாள்.

"இருமுங்கக்கா," என்றாள்.

காளியம்மை தலையை ஆட்டி மறுத்தாள். ஆனால் உடம்பு காத்திருக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய இருமல் ஓடுவரை போய்த் திரும்பியது. சேவியர் ஓடி வந்தார். அதற்குள் மூலையில் இன்னொருத்தி இருமினாள். பிறகு ஷபானா. அடக்கிவைத்திருந்த அத்தனை நெஞ்சுகளும் ஒன்றாகத் திறந்துகொண்டன. நிறுத்த நினைத்தவர்களாலும் நிறுத்த முடியவில்லை. ஒருத்தி இருமலுக்கு நடுவே சிரித்தாள்.

வெளியே பேச்சு நின்றிருந்தது. வீரலட்சுமியும் ஷபானாவும் பெரிய கதவின் குறுக்குக் கட்டையைத் தூக்கினார்கள். துருப்பிடித்த கீல் நகர மறுத்தது. நாலுபேர் தோள்கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

வாசலில் நின்ற ஆபீசர் இளம்பெண். கழுத்து அட்டையில் ஜிஷா என்று எழுதியிருந்தது. தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றவர்களைப் பார்த்து அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"ரெண்டு நாளா க்ளீன் பண்ணுறாங்க," என்றார் கேசவ்.

"நான் இங்கே பன்னிரண்டு வருஷமா வேலை செய்யிறேன்," என்றாள் வீரலட்சுமி. முதலில் தமிழில், பிறகு அதையே மலையாளத்தில். "டிசம்பர்ல கமலாக்ஷி காலுமேல மூட்டை சரிஞ்சது இங்கேதான். ஆஸ்பத்திரியில நான் பொய் சொன்னேன். அதை எழுதிக்கணும்."

ஜிஷா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். தயக்கத்தோடு சொன்னாள்: "சேச்சி, இதுல கட்டடத்தோட அளவும் உபயோகமும்தான் எழுத முடியும். ஆளுங்களுக்கு இடமில்ல. அதுக்கு லேபர் ஆபீஸ் போகணும்."

"போனோம். கட்டடம் காலின்னு உங்க ஆபீஸ் சொல்லுதாம்."

ஜிஷா உள்ளே நுழைந்து விரலால் எண்ணினாள். தாளின் அடியில், கட்டத்துக்கு வெளியே, எழுதினாள். ஷபானா எட்டிப் பார்த்துப் படித்தாள்: உபயோகத்தில் உள்ளது, பெண் தொழிலாளர்கள், இருபத்திரண்டு. "படுத்திருக்கிற ஒருத்தியையும் சேத்துக்கங்க," என்றாள். ஜிஷா அதைச் சேர்க்கவில்லை. நேரில் பார்த்ததை மட்டும்தான் எழுத முடியும் என்றாள். ஆனால் எழுதியதை ஷபானா தன் போனில் படம் எடுத்துக்கொண்டபோது தடுக்கவுமில்லை.

நாளையிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று கேசவ் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. காளியம்மை கடைத்திண்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "கெடுத்துட்டியேடீ," என்றாள் வீரலட்சுமியைப் பார்த்து. "நாளைக்கு என்ன பண்றது?"

"தெரியலக்கா. இந்தக் கதவு முன்னாடி வந்து நிப்பேன். அப்புறம் லேபர் ஆபீஸ்."

"தனியாவா?"

காளியம்மை கையை நீட்டினாள். எழுப்பிவிடச் சொல்லித்தான்.

ஜிஷா தன் பட்டியலின் அடுத்த வரிக்கு வந்திருந்தாள். நாலு வாசல் தள்ளி, அதேபோல் சாத்திக் கிடந்த இன்னொரு பழைய கதவு. அங்கேயும் ஒரு ஆள் காத்திருந்தான். இங்கேயும் ரொம்ப வருஷமா யாரும் இல்ல மேடம் என்று தொடங்கினான். வெள்ளை படிந்த பெண்கள் இருபத்திரண்டு பேரும் நடந்து போய் அந்தக் கதவுக்கு எதிரே, அவன் முகத்தைப் பார்க்கும்படி நின்றார்கள். அவன் பேச்சு தடுமாறியது. ஜிஷா பேனாவைத் தாளில் வைக்காமல் நின்றாள்.

அப்போது உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.