தூசி கக்காத பிறேக்

கடலோடு பிழைக்கிறவனுக்கு இரும்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. மெலிஞ்சிமுனை மிரோஜனுக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியது. படகு எஞ்சினுக்குப் பூசி மிஞ்சிய ஒயில் கேற்றுக் கொளுக்கிக்குப் போகும். அதிலும் மிஞ்சினால் கிணற்றுக் கப்பிக்கு. அதற்குப் பிறகும் துணியில் ஈரம் இருந்தால் மனைவியின் தையல் மெசினைத் தேடுவான். உப்புக் காற்று ஒரே இரவில் இரும்பைத் தின்றுவிடும் என்பது அவன் பிறந்த நாளிலிருந்து கண்ட உண்மை. ஆகவே அன்று விடிய மனைவி யூலியானாவின் காரைக் கழுவும்போது, நாலு சில்லுக்குள்ளும் இருந்த டிஸ்க் என்கிற வட்டத் தகடுகள் செம்மஞ்சளாகத் துருவேறிக் கிடப்பதைக் கண்டவன் ஒயில் போத்தலை எடுத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவளைக் கேட்கவில்லை. கேட்டுச் செய்கிற வேலையாக அது அவனுக்குப் படவேயில்லை.

கார் அவளுடையது. வெள்ளைக் கார். கலியாணங்களுக்கு மாப்பிள்ளை, பொம்பிளை ஏற்றி இறக்குகிற கார். தீவுப் பகுதியில் ஒரு பெண் கலியாணக் கார் ஓட்டுவதைப் பற்றி முதலில் வாய்க்கு வந்தபடி பேசியவர்களே இப்போது அவளிடம்தான் நாள் கேட்டு வருகிறார்கள்.

போன மாதம் ஒரு கலியாணத்தில் பெண் காரால் இறங்கும்போது கூறைச்சேலையின் கரை முன்சில்லில் உரசி, ஒரு சாண் நீளத்துக்குக் கரி பிடித்துவிட்டது. பிறேக் பிடிக்கும்போது தேய்ந்து பறக்கிற தூசிதான் அது. உப்புக் காற்றின் ஈரத்தில் பசையாகச் சில்லில் அப்பிக்கொள்ளும். பெண்ணின் தாய் சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்விகளை யூலியானா வீட்டுக்கு வந்து சொல்லி அழுதாள். அடுத்த கிழமையே யாழ்ப்பாணத்துக் கடையில் போய் நின்றாள். நாரந்தனையில் கராஜ் வைத்திருக்கும் சுஜிதனையும் கூட்டிக்கொண்டு போனாள். பிறேக்கில் தேய்கிற கட்டைதான் பாட்; இரும்புத்தூள் கலந்த பாட் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தூசி கக்கும். பீங்கான் கலந்த செறமிக் பாட்டில் தூசி குறைவு, வருகிற தூசியும் வெளிறிய நிறம், சில்லில் ஒட்டாது. சுஜிதன் இப்படி விளக்கிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொன்னான். புதுப் பாட் டிஸ்க்கோடு படிகிற வரைக்கும் பிடி கொஞ்சம் மந்தமாக இருக்கும், பார்த்து ஓட வேண்டும். அவள் செறமிக்கையே எடுத்தாள். நேற்றுப் பின்னேரம் நாலு சில்லுக்கும் பூட்டியாயிற்று.

பாட் வாங்கி வந்த அன்றே மிரோஜன் இதைக் கேட்டுச் சிரித்திருந்தான். "சில்லுக்கும் பவுடர் பூசுவீர் போலை" என்றான். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. விடிய எழும்பி அவன் கார் கழுவியது அதற்குச் சமாதானமாகத்தான்.

எட்டு மணிக்கு அவள் வெளிக்கிட்டாள். சுருவில் ஊரில் மாப்பிள்ளையை ஏற்ற வேண்டும், பிறகு ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் பாதையில் ஏறிக் காரைநகருக்குப் போக வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவையை இங்கே பாதை என்பார்கள். அதை விட்டால் யாழ்ப்பாணம் போய்ச் சுற்ற வேண்டும், முகூர்த்தம் தப்பிவிடும். கேற்றடியில் பிறேக் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மந்தமாத்தான் கிடக்கு. சுஜிதன் சொன்னவன்தானே" என்று மிரோஜனுக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே போனாள்.

எட்டரை தாண்டி ஒரு பத்து நிமிடம் இருக்கும். சுஜிதன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். காரின் டிக்கிக்குள் தன்னுடைய சாவி ஒன்று தவறிக் கிடக்கிறதாம். கார் நின்ற சீமெந்துத் தரையைப் பார்த்தவன் அப்படியே நின்றான். நாலு மூலையிலும் நாலு கறுப்புச் சொட்டு.

"அண்ணை, கார் ஒயில் ஒழுகுதோ?"

"ஒழுகேல்லையடாப்பா. நான் பூசினது."

"எதுக்கு?"

"அந்த வட்டத் தகடுகளுக்குத்தான். துருவேறிக் கிடந்தது. நாலுக்கும் வடிவாப் பூசிவிட்டனான். பின்பக்கத்துக்கும் நீட்டுப் பிரஷ்ஷை விட்டுப் பூசினனான்." பாராட்டை எதிர்பார்த்துத்தான் மிரோஜன் இதைச் சொன்னான்.

சுஜிதனின் முகம் வெளுத்தது. "அண்ணை, பாட் இறுக்கிப் பிடிக்கிறதே அந்தத் தகட்டைத்தான். அதிலை ஒயில் பட்டா கார் நிக்காது. அந்தத் துரு ரெண்டு தரம் பிறேக் அமத்தினாத் தானாப் போயிடும்."

"அவ கேற்றடியிலை அமத்திப் பாத்துத்தானே போனவ?"

"மந்தமாக் கிடக்கெண்டு சொன்னவவோ?"

"சொன்னவதான்" என்றான் மிரோஜன். புதுப் பாட் அப்படித்தான் என்று நம்பி அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். தீவில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கியரைக் குறைத்துக் குறைத்து ஓடினால் துறைமுகம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. இறக்கம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். பாதைக்கு இறங்குகிற கொங்கிறீட் சரிவு. அதன் அடியில் சனம், சனத்துக்குப் பின்னால் கடல்.

போனை எடுத்து அடித்தான். அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தான். எடுக்க மாட்டாள் என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். கார் ஓடும்போது போனைத் தொடுவதில்லை என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் அவளைச் சத்தியம் செய்ய வைத்தவனே அவன்தான். மாப்பிள்ளை வீட்டு நம்பரும் அவளுடைய போனுக்குள்ளேதான் கிடந்தது.

"ஏறுங்கோ அண்ணை" என்றான் சுஜிதன்.

மோட்டார் சைக்கிள் பறந்தது. மிரோஜன் பின்னால் இருந்து போனைக் காதில் வைத்தபடியே வந்தான். மாதாவே, பாதை பிந்தட்டும். மாதாவே, மாப்பிள்ளை வீட்டில் ஆலாத்தி எடுப்பது நீளட்டும். தாலி கட்டப் போகிற ஒருவனுக்குத் தடங்கல் வர வேண்டும் என்று மன்றாடியவன் அன்றைக்கு இலங்கையிலேயே அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான். சந்தியில் ஒரு பஸ் குறுக்கே நின்றது. சுஜிதன் வேலிக் கரையால் மணலுக்குள் இறக்கி ஏற்றினான். மிரோஜனின் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவன் அதைப் பார்க்கவும் இல்லை.

துறைமுகத்தடிக்கு வரும்போது பாதை கரையோடு அணைந்து நின்றது. முதலில் ஆட்கள் நடந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஓட்டோக்கள் சரிவின் அடியில் ஒதுங்கி நின்றன. மேலே, பூமாலை கட்டிய வெள்ளைக் கார். யாரோ வா வா என்று கை காட்டினார்கள். கார் இறங்கத் தொடங்கியது.

"யூலியானா! இறக்காதை!"

பாதையின் எஞ்சின் சத்தத்தில் அவனுடைய குரல் அவனுக்கே கேட்கவில்லை. இறங்கி ஓடினான். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாக ஓடினான். காரின் பின் விளக்குகள் சிவப்பாகப் பற்றின. பிறேக் பிடிக்கிறாள். விளக்கு எரிகிறது, கார் போகிறது. விளக்கு இன்னும் எரிகிறது, கார் இன்னும் வேகமாகப் போகிறது. கோர்ன் அலறியது. அடியில் நின்ற சனம் திரும்பிப் பார்த்து, விளங்காமல், அங்கேயே நின்றது.

கார் சட்டென்று இடப்பக்கம் வெட்டியது. சில்லு கிரீச்சிட்டது. சரிவின் ஓரக் கட்டுக்கல்லில் முன்பக்கம் இடித்து, ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

கதவுகள் திறந்தன. மாப்பிள்ளை நிசாந்தன் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி இறங்கினான். அவனுடைய மாமன் ஆழ்வாப்பிள்ளை நெற்றியில் வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டு இறங்கினார். கடைசியாக யூலியானா. கடைசி நொடியில் அவள் இடக் கையால் இழுத்த ஹான்ட் பிறேக் பின்சில்லுக்குள் தனியாகப் பிடிப்பது, அதில் ஒயில் படவில்லை.

"எந்த மடையன் பிறேக் பூட்டினது?" ஆழ்வாப்பிள்ளை கத்தினார்.

மூச்சிரைக்க வந்து நின்ற சுஜிதனின் சேட்டில் கராஜின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. மாமன் அவனுடைய கழுத்துப் பட்டியைக் கொத்தாகப் பிடித்தார். "நீர்தானோ? மாப்பிள்ளையைக் கடலுக்கை தள்ளவோ பூட்டினனீர்?" சனம் கூடிவிட்டது. நாளைக்கு நாரந்தனைக் கராஜில் ஒரு சைக்கிள்கூட நிற்காது. சுஜிதன் மிரோஜனைப் பார்த்தான், அவ்வளவுதான்.

பேசாமல் நின்றிருக்கலாம். புதுப் பாட் மந்தம் என்று யூலியானாவே சொல்லியிருப்பாள், பழி அதன் மேல் போயிருக்கும். ஒரு கணம் மிரோஜன் அதையும் நினைத்தான். நினைத்த வெட்கத்தில் காது சுட்டது.

"அவனை விடுங்கோ ஐயா. நான்தான் டிஸ்க்குக்கு ஒயில் பூசினனான்."

சனம் அடங்கியது. ஆழ்வாப்பிள்ளை கையை எடுத்தார். "ஏன் காணும், பெண்சாதியோடை கோவமெண்டா வேறை வழி இல்லையோ?" என்றார். யூலியானா அவனை ஒரு தரம் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது. மாப்பிள்ளையும் மாமனும் ஓட்டோ ஒன்றில் ஏறிப் பாதைக்குள் போனார்கள். பாதை கிளம்பியது. அது திரும்பி வருவதற்குள் காரை மேலே தள்ளியாக வேண்டும். அடுத்த பாதைக்குக் காத்திருந்த நாலைந்து பேர் சறத்தை மடித்துக் கட்டினார்கள்.

"நீங்கள் ஏறி இருங்கோ" என்றாள் யூலியானா. துறைமுகத்துக்கு வந்தபின் அவள் அவனோடு பேசிய முதல் வார்த்தை. "ஸ்டியறிங் பிடிக்க ஆள் வேணும்."

அவன் அவளுடைய ஆசனத்தில் ஏறி இருந்தான். அவள் திறந்திருந்த இடப்பக்கக் கதவோடு நடந்து வந்தாள். தள்ளினார்கள். சில்லு கல்லை விட்டு விலகியது, முகம் மேலே திரும்பியது, கார் அரைச் சரிவுக்கு ஏறியது.

"ஒருக்கா மூச்செடுப்பம், பிறேக்கைப் பிடியும்!" பின்னாலிருந்து யாரோ சொன்னார்.

அவனுடைய கால் தன்பாட்டில் போய் பிறேக்கை அமத்தியது. கல்லை மிதித்தது போல மிதி இறுகி நின்றது. கார் நிற்கவில்லை. பின்னால் வழுகத் தொடங்கியது. இரண்டு காலையும் வைத்து முழுப் பாரத்தோடு மிதித்தான். கண்ணாடியில் ஆட்கள் விலகி ஓடுவதும் அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் வருவதும் தெரிந்தது. கைக்கு ஹான்ட் பிறேக் எட்டும் தூரம்தான். கை ஸ்டியறிங்கை விடவில்லை.

யூலியானா கதவுக்குள்ளால் குனிந்து ஹான்ட் பிறேக்கை இழுத்தாள். கார் நின்றது.

அவள் நிமிரவில்லை. அவனுடைய முகத்துக்குப் பக்கத்தில் முகம் வைத்து, ஒருவருக்கும் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்.

"கீழை ஒன்பது பேர் நிண்டவை. அதிலை ஒரு பிள்ளைத்தாச்சி. முந்தி மாப்பிள்ளையோடை வழுகி வரேக்கை நான் எண்ணினனான்."

கார் நின்று கனநேரமாகியும் மிரோஜன் இரண்டு காலாலும் பிறேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான்.